நீண்ட இடைவெளிக்குப் பின் பாறையேற்றம்: பன்னிரண்டு வாரங்களில் பயிற்சிக்குத் திரும்பும் முறை

பதினான்கு மாதங்கள் சுவர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு மீண்டும் ஏறத் தொடங்கியபோது, முதல் மாதம் எனக்கு எல்லாம் நன்றாகவே போயிற்று. ஐந்தாவது வாரத்திலேயே பழைய கிரேடுக்கு (ஏறும் வழியின் கடின அளவு) ஒரு படி கீழே வரை வந்துவிட்டேன். ஆறாவது வாரம், பெங்களூரில் ஓர் உள்ளரங்கச் சுவரில், நகத்தளவே இருந்த விளிம்பு ஒன்றை இடக்கையால் இறுக்கிப் பிடித்து எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் கால் வழுக்கியது. உடலின் எடை முழுவதும் ஒரே கணத்தில் விரல்களுக்கு வந்து சேர, மோதிர விரலிலிருந்து காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தம் கேட்டது. அடுத்த மூன்று மாதங்கள் மறுபடியும் வீட்டில் கழிந்தன.

திரும்பி வருகிறவர்களுக்கு முதல் வாரம் பெரும்பாலும் ஆபத்தானதன்று. அப்போது உடம்பு முழுவதும் வலிக்கும், மூச்சு வாங்கும், ஆகவே எவரும் தாமாகவே அடங்கி ஏறுவார்கள். உடம்பு தேறிவிட்டதாக மனம் நம்பத் தொடங்கும் ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே விரல்களைப் பதம் பார்க்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் அட்டவணை முழுவதும் அந்த நான்கு வாரங்களைச் சேதமின்றிக் கடப்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை விட்டுவிட்டு வருகிற, முன்பு ஓரளவு நன்றாக ஏறிய வயதுவந்தோருக்கு இது பொருந்தும்.

எது முதலில் போகிறது, எது கடைசியில் வருகிறது

ஏறுவதை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே குறையத் தொடங்குவது தாக்குப்பிடிக்கும் திறன். முன்பு மூச்சுவிடாமல் ஏறிய ரூட்டில், அதாவது ஏறும் வழியில், பாதியிலேயே முன்கை பம்ப் ஆகிக் கட்டைபோல் இறுகிவிடும். தசையின் உச்ச வலிமை அதைவிடச் சற்று நீண்ட காலம் தங்கி, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகே மெல்ல இறங்குகிறது. உடலை எப்படித் திருப்புவது, இடுப்பை எப்போது சுவரோடு ஒட்டுவது, எந்தக் காலை எதன் மேல் வைப்பது என்ற அசைவு நினைவோ ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றவருக்கு அது மறப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

திரும்பி வரும் வேகமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தசைகளையும் அவற்றை இயக்கும் நரம்புகளையும் பொறுத்தவரை சில வாரங்களிலேயே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும், அந்த நாண்களை விரல் எலும்போடு ஒட்டி வைத்திருக்கும் கப்பி வளையங்களும் குறைந்த இரத்த ஓட்டம் கொண்ட திசுக்கள் என்பதால், பளுவுக்கு ஏற்ப உறுதிபெற மாதங்களை எடுத்துக்கொள்கின்றன. முன்கை இழுக்கும் விசைக்கும் விரலின் வளையங்கள் தாங்கும் விசைக்கும் இடையே இவ்வாறு ஓர் இடைவெளி விழுகிறது. என் விரல் போனது அந்த இடைவெளிக்குள்தான்.

ஒவ்வொரு விரலிலும் இத்தகைய முதன்மை வளையங்கள் ஐந்து உண்டு. மருத்துவர்கள் அவற்றை ஏ1 முதல் ஏ5 வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். மோதிரம் போடும் இடத்தில், விரலின் அடிக்கணுவில் இருக்கும் ஏ2, நடுக்கணுவில் இருக்கும் ஏ4 ஆகிய இரண்டும்தான் பெரும்பங்கு பளுவைச் சுமப்பவை. விரலின் நடுமூட்டைக் கூர்மையாக மடக்கி, நுனிமூட்டைப் பின்னோக்கி வளைத்து, அதன் மேல் கட்டைவிரலையும் பூட்டிப் பிடிக்கும் முழுக் கிரிம்பில், விரல்களை ஏறக்குறைய நீட்டியபடி தொங்கும் திறந்த பிடியைக் காட்டிலும் பல மடங்கு விசை ஏ2 வளையத்தின் மேல் இறங்குகிறது. பாறையேறுவோரிடையே அதிகமாகக் காயப்படுவது மோதிர விரல், அடுத்தது நடுவிரல்.

தொடங்கும் முன்: ஏன் நிறுத்தினீர்கள்?

வேலைப்பளு, இடமாற்றம், சலிப்பு என்ற காரணங்களால் நிறுத்தியவர் நேராக அடுத்த படிக்குப் போகலாம். காயத்தால் நிறுத்தியவர், அந்தக் காயம் இப்போது அன்றாட வேலைகளில் வலிக்காமல் இருக்கிறது என்பதோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. குடம் தூக்கும்போது வலிக்காத தோள்பட்டை, சாய்ந்த சுவரில் ஒற்றைக்கையில் தொங்கும்போது வலிக்கக்கூடும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, தலைக்கு மேல் கைதூக்கி எடையைத் தாங்கும் அசைவுகளையும் அவர் முன்னிலையில் செய்து பார்த்துவிடுவது நல்லது. மகப்பேற்றுக்குப் பின் வருபவர்கள் மகளிர் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்று, அடிவயிறு, இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிகளை முடித்த பிறகே ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டை) கட்ட வேண்டும். நீண்ட காய்ச்சல் அல்லது இதயம், நுரையீரல் சார்ந்த நோய்க்குப் பின் வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இடைவெளி ஒரு மாதத்துக்கும் குறைவானதென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை; ஒரு வாரம் இரண்டு கிரேடு இறங்கி ஏறினால் போதும். மூன்று முதல் ஆறு மாதம் என்றால் கீழேயுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றையும் பாதியாகச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பன்னிரண்டு வாரத்தையும் முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் கிடந்த பொருள்கள்

ஹார்னஸ், ஸ்லிங் (தைத்த பட்டை வளையம்), கயிறு ஆகிய துணிப்பொருள்களைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அவற்றுக்கு வயது ஏறுகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இவற்றுக்கு, தயாரித்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பத்து ஆண்டுகளை உச்ச வரம்பாகக் குறிப்பிடுகிறார்கள். ஹார்னஸின் உட்புறத்தில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த ஆண்டைப் பார்க்கலாம். வெயில் படும் பால்கனியிலோ, கார் பேட்டரி, அமிலம், பினாயில் போன்றவற்றின் அருகிலோ கிடந்திருந்தால் ஆண்டைப் பார்க்கவே வேண்டாம், கழித்துவிடுங்கள். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். எங்கேனும் தட்டையாகவோ, உள்ளே வெற்றாகவோ, வழக்கத்துக்கு மாறாக விறைப்பாகவோ தட்டுப்பட்டால் அந்தக் கயிறு இனி துணிக்கொடிக்குத்தான் ஆகும். ஹார்னஸில் கயிறு கட்டும் இரண்டு வளையங்களும் பிலே (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காப்பது) வளையமும் தேய்ந்திருக்கின்றனவா, தையல் நூல் பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கேரபினரின் வாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் கழுவிக் காயவைத்து மறுபடி பாருங்கள்.

ஷூவின் ரப்பர் காலப்போக்கில் கெட்டியாகிப் பளபளப்பேறிவிடும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பிடிப்பு ஓரளவு திரும்பும். விளிம்பில் பசை விட்டிருந்தால் அடித்தளத்தை மாற்றிக்கொள்ளலாம். பாதம் சற்று அகன்றிருப்பதும் உண்டு. பழைய ஷூ இப்போது கடித்தால், முதல் இரண்டு மாதங்களுக்குத் தளர்வான ஷூ ஒன்றே மேல்.

சுவருக்குப் போகும் முன் இரண்டு வாரங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்காதவர்கள் அரிது. நானும் குதித்தவன்தான். பன்னிரண்டு வாரக் கணக்கில் சேராத இந்த இரண்டு வாரங்களில், ஒன்றுவிட்டு ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கினால், முதல் நாள் சுவரில் தோள்பட்டையும் முழங்கையும் அந்நியமாகத் தெரியாது.

ஒரு கம்பியைப் பிடித்து, காலைத் தரையில் பாதி ஊன்றியபடி தொங்குங்கள். கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழிறக்கி உடலை ஓரிரு அங்குலம் உயர்த்தி, மூன்று நொடி நிறுத்தி, மெதுவாக இறங்குங்கள். எட்டு முறை, மூன்று சுற்று. ஏறும்போது தோள்மூட்டைக் காப்பாற்றுவது இந்த அசைவுதான், இடைவெளிக்குப் பின் பலர் செய்யாமல் விடுவதும் இதுதான். அதனுடன் தண்டால், ரப்பர் பட்டையைக் கொண்டு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பும் பயிற்சி, ஐந்து விரல்களுக்கும் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டி விரித்து மூடும் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவது முழுக்க இழுக்கும் வேலை என்பதால், தள்ளுகிற, விரிக்கிற தசைகள் பின்தங்கினால் முழங்கையின் உட்புறத்தில் வலி குடிபுகும். குந்தி எழுதலும், லிஃப்டை மறந்து மாடிப்படி ஏறுவதும் காலுக்குப் போதும்.

1 முதல் 4 வாரம்: திறந்த கை, எளிய ரூட், நிறைய ஓய்வு

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஏறுங்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு முழு நாள் இடைவெளி இருக்கட்டும். பெங்களூரில் கண்டீரவா விளையாட்டரங்கச் சுவர் போன்ற, பல வகைச் சாய்வுகளும் கயிறும் உள்ள இடம் கிடைத்தால், போல்டரிங்கைத் (கயிறின்றிக் குட்டையான சுவரில் ஏறுவது) தவிர்த்து டாப் ரோப்பில் (கயிறு மேலிருந்தே தாங்கும் முறை) தொடங்குவதே என் பரிந்துரை. போல்டரிங்கில் ஒவ்வோர் அசைவும் கடினமானது, ஒவ்வொரு முறையும் மெத்தையில் விழ வேண்டும். நீண்ட நாள் குதிக்காத கணுக்காலுக்கு அது பெருஞ்சுமை. போல்டரிங் மட்டுமே கிடைக்கிறதென்றால், உச்சியிலிருந்து குதிக்காமல் பெரிய பிடிகள் வழியே இறங்கி வாருங்கள்.

கயிற்று ரூட்டுகளின் பிரெஞ்சுக் கிரேடில் முன்பு 6சி ஏறியவர் 5சியில் தொடங்கட்டும். போல்டரிங்கின் வி கிரேடில் வி4 முடித்தவருக்கு வி0, வி1. ஏறி முடித்ததும் கீழே நின்று இயல்பாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் ரூட் கடினமானது. முதல் நாள் இருபது நிமிட வார்ம்அப்புக்குப் பின் ஆறு ரூட் போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு நிமிட ஓய்வு. இரண்டாம் வாரம் எட்டு, மூன்றாம் வாரம் பத்து. நான்காம் வாரம் வேண்டுமென்றே ஐந்துக்கு இறங்குங்கள். திசுக்கள் தம்மைக் கட்டிக்கொள்வது ஓய்வில்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பளுவைப் பாதியாக்குவதைப் பன்னிரண்டு வாரமும் பின்பற்ற வேண்டும்.

இந்த மாதத்துக்கு ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: முழுக் கிரிம்ப் கூடாது. எந்தப் பிடியானாலும் திறந்த கை. அப்படிப் பிடிக்க முடியாத பிடி வந்தால் அந்த ரூட்டை விட்டு இறங்குங்கள். தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும், ஏனென்றால் கிரிம்ப் பழகிய கைக்குத் திறந்த பிடி எப்போதும் நழுவப்போவது போலவே தோன்றும். மூன்றாம் வாரத்துக்குள் அந்தப் பயம் போய்விடும்.

கையைக் கட்டுப்படுத்தியதால் கிடைக்கும் கவனத்தைக் காலுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஹோல்டிலும் ஷூவின் முனை சத்தமின்றி, ஒரே முறையில், மறுபடி சரிசெய்யாமல் அமர வேண்டும் என்று ஏறுங்கள். கால் படும் வரை கண் அந்த ஹோல்டை விட்டு அகலக் கூடாது. என் விரல் காயத்துக்குத் தொடக்கம் விரலில் இல்லை, பார்க்காமல் வைத்த வலக்காலில்தான் இருந்தது. அசைவு நினைவு அழியாவிட்டாலும், கால்வேலையின் இந்தத் துல்லியம் விரைவில் தேய்ந்துவிடும். முன்பு நன்றாக ஏறியவர்கள்தான் இதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். பழைய காய்ப்புகள் உரிந்து, விரல்நுனிகள் இப்போது மெத்தென்று இருக்கும். நுனிகள் இளஞ்சிவப்பாகி ஈரம் கசிவதுபோல் மினுங்கத் தொடங்கினால், கையில் வலு மிச்சமிருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. வீட்டுக்கு வந்து சாக்பொடியைக் கழுவிவிட்டு, இரவில் மிகச் சிறிதளவு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தூக்கி நிற்கும் தோல்விளிம்புகளை நகம் தேய்க்கும் அரத்தால் சமமாக்குங்கள். அவற்றைப் பிய்க்க வேண்டாம்.

முடிச்சும் பிலேயும்: மறந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை லின் ஹில், அந்த விளையாட்டின் உச்சியில் இருந்த 1989ஆம் ஆண்டில், பிரான்சின் பியூக்ஸ் பாறையில் கயிற்றை ஹார்னஸில் நுழைத்துவிட்டு முடிச்சைப் போட்டு முடிக்க மறந்தார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்தபோது இருபது மீட்டருக்கும் மேல் விழுந்தார்; மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். அவர் தேறித் திரும்பி வந்து 1993இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிட்டன் பாறையில் உள்ள நோஸ் வழியை முழுவதும் தன் கைகால்களாலேயே, கருவிகளை இழுக்காமல் ஏறிய முதல் மனிதரானார். அடுத்த ஆண்டு அதையே ஒரு நாளுக்குள் முடித்தார்.

நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தவருக்கே அது நேர்ந்ததென்றால், ஓராண்டாகக் கயிற்றைத் தொடாத நமக்கு நேராது என்று சொல்ல என்ன இருக்கிறது? முதல் நாள், வீட்டிலேயே ஹார்னஸை மாட்டி, '8' வடிவ முடிச்சைப் பத்து முறை போட்டு அவிழுங்கள். பிலே கருவியில் கயிற்றின் எந்தப் பக்கம் ஏறுபவருக்குப் போகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டுங்கள். சுவரில் பயிற்றுநர் ஒருவர் முன்னிலையில் பிலே செய்துகாட்டுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் இருவரும் ஒருவர் மற்றவரின் முடிச்சு, பக்கிள், கேரபினர் பூட்டு மூன்றையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட வேண்டும். பேச்சு நடுவில் வந்தால் முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து போடுங்கள்.

ஹேங்போர்டும் எடைக் கருவியும்

மூன்றாம் வாரத்திலிருந்து, விரல்களுக்கென்று தனியாக ஒரு சிறு பயிற்சியைச் சேர்க்கலாம். சுவரில் ஏறும்போது விரலுக்கு எவ்வளவு பளு வருகிறது என்பதை எளிதில் அளக்க முடியாது. விரல்களால் பிடித்துத் தொங்க விளிம்புகள் கொண்ட பலகையான ஹேங்போர்டில் அதைக் கிலோக் கணக்கில் அளக்கலாம் என்பதே இதன் பெரும்பயன்.

கதவு நிலைக்கு மேல் பொருத்திய ஹேங்போர்டின் கீழ், அகலமான மணைப்பலகை ஒன்றை ஆடாமல் வைத்து, அதன் மேல் எடை பார்க்கும் கருவியை வையுங்கள். 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள விளிம்பை இரு கைகளாலும் திறந்த பிடியில் பிடித்து, கருவியின் மேல் நின்றபடி முழங்காலை மெல்ல மடக்குங்கள். உங்கள் எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முள் 48க்கு இறங்கினால், விரல்கள் இப்போது 20 கிலோவைத் தாங்குகின்றன. அந்த இடத்தில் பத்து நொடி நில்லுங்கள், பிறகு இரண்டு நிமிட ஓய்வு. இப்படி ஆறு முறை. மொத்தமே ஒரு நிமிடத் தொங்கல்தான், ஆனால் விரல்களுக்கு அது போதும்.

உடல் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து கிலோ கூட்டுங்கள். நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் கூட்டாமல், முன்வாரப் பளுவிலேயே மூன்று முறையோடு நிறுத்துங்கள். 20, 20, 25, 30, 35, 35, 40, 45, 50, 50 என்று போனால், பன்னிரண்டாம் வார முடிவில் உடல் எடையின் முக்கால் பங்கை எட்டியிருப்பீர்கள். 'இவ்வளவுதானா, நான் முன்பு பத்துக் கிலோவைக் கூடக் கட்டித் தொங்கியவன்' என்ற குரல் எழும். எழட்டும், நோட்டுப்புத்தகத்தில் எண்ணை எழுதிவிட்டு இறங்குங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும், ஏறும் நாளில் வார்ம்அப் முடிந்த உடனேயே செய்யுங்கள். களைத்த விரல்களோடு ஒருபோதும் தொங்காதீர்கள்.

5 முதல் 8 வாரம்: கையைக் கட்டிப்போட வேண்டிய காலம்

இப்போது உடம்பு இலேசாக இருக்கும், முன்கை பம்ப் ஆவது குறைந்திருக்கும், பழைய நண்பர்களும் பழைய ரூட்டுகளை நோக்கிக் கைகாட்டுவார்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்றாவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது நடை, நீட்சிப் பயிற்சி, மிக எளிய ரூட் ஆகியவற்றோடு முடியட்டும். மற்ற இரண்டு நாள்களில் ஒன்று மட்டுமே கடினமான நாள். அந்த நாளிலும் முந்தைய உச்சத்துக்கு இரண்டு படி கீழே நில்லுங்கள்: 6சி ஏறியவருக்கு 6பி.

கிரிம்பை அரைக் கிரிம்பாக, அதாவது கட்டைவிரலைப் பூட்டாமல், நடுமூட்டை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடக்கி மட்டும் பிடிக்க இப்போது தொடங்கலாம். ஹேங்போர்டின் ஆறு தொங்கல்களில் மூன்றை அரைக் கிரிம்புக்கு மாற்றுங்கள். முன்னோக்கிச் சாய்ந்த சுவர்களையும் இப்போது சேர்க்கலாம், பெரிய பிடிகள் இருக்கும் வரை. சாய்ந்த சுவரும் சிறிய விளிம்பும் ஒரே ரூட்டில் சேர்ந்து வருவதை எட்டாம் வாரம் முடியும் வரை தவிர்த்துவிடுங்கள். கால் நழுவினால் விரலுக்குத் திடீர்ப் பளு வருவது அங்கேதான்.

முயற்சி கடுமையை ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். இந்த நான்கு வாரங்களில் எட்டுக்கு மேல் ஓர் எண்ணும் அந்தப் பக்கங்களில் இருக்கக் கூடாது. விழுந்த பின் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று ஏறுவதை நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லித் தடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுக்கும் அந்த முயற்சிகளை நான் இப்போது அறவே விட்டுவிட்டேன்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: இடைவெளியில் ஏறிய எடையை இந்தக் காலத்தில் பட்டினி கிடந்து இறக்க முயலாதீர்கள். திசுக்கள் கட்டப்படும் நேரத்தில் பட்டினி போடுவது, வீடு கட்டும்போது சிமெண்டை நிறுத்துவது போன்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு, அதில் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று புரதம், இரவில் எட்டு மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான்.

வலியைப் படிப்பது

ஏறிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் முதுகு, முன்கை, தோள் ஆகியவற்றின் சதைப்பகுதியில் பரவலாக இருந்து, நடந்தால் குறையும் வலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒற்றைப் புள்ளியில், அதுவும் மூட்டுக்கு அருகிலோ விரலின் உள்ளங்கைப் பக்கத்திலோ இருக்கும் வலி வேறு வகை. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: தினமும் காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும் முன், ஒவ்வொரு விரலின் அடிக்கணுவையும் உள்ளங்கைப் பக்கத்திலிருந்து மறுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நேற்றில்லாத வலி இன்று ஒரு விரலில் மட்டும் இருந்தால், அன்று ஏற வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்தால் அந்த வாரத்தையே விட்டுவிடுங்கள்.

ஏறும்போது சத்தம் கேட்டு, உடனே வலியும் வீக்கமும் வந்தால் அங்கேயே இறங்கி, கை மருத்துவர் அல்லது விளையாட்டு மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரைச் சேர்ந்த, தாமும் பாறையேறுபவரான மருத்துவர் ஃபோல்கர் ஷோஃப்ல் வகுத்த நான்கு நிலைப் பகுப்பின்படி, முதல் நிலை வெறும் பிசகல்; நான்காம் நிலையில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் அறுந்திருக்கும். வளையங்கள் விட்டுப்போனால், விரலை மடக்கும்போது நாண் எலும்பிலிருந்து விலகி வில்லின் நாண்போலத் தோலுக்கடியில் எழும்பி நிற்கும். நான்காம் நிலைக்குத்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்; மற்றவை விரலில் மாட்டும் பாதுகாப்பு வளையம், ஓய்வு, படிப்படியான பளு என்று ஆறிவிடுகின்றன. என்னுடையது இரண்டாம் நிலை. டேப் சுற்றிக்கொண்டு ஏறினால் சரியாகிவிடும் என்று அன்று ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால் அது மூன்றாகியிருக்கும்.

பதினாறு, பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். வளரும் எலும்பில் வளர்ச்சித்தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) கப்பி வளையத்தைவிட வலுக்குறைந்தது; நடுமூட்டின் மேற்புறத்தில் வலி வந்தால் ஏறுவதை நிறுத்தி எக்ஸ்ரே பார்ப்பது கட்டாயம், ஹேங்போர்டும் உங்களுக்கு வேண்டாம்.

9 முதல் 12 வாரம்: லீடும் விழுதலும்

காலைச் சோதனையில் விரல்கள் அமைதியாக இருந்தால், ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை முந்தைய உச்சத்துக்கு ஒரு படி கீழே வரை போகலாம், முழுக் கிரிம்பையும் தேவைப்படும் இடத்தில் மட்டும் அனுமதிக்கலாம். பழைய உச்சத்தைத் தொடுவது பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு.

கேம்பஸ் போர்டு வேண்டவே வேண்டாம். காலைப் பயன்படுத்தாமல் கையாலேயே படி தாவும் அந்தப் பலகையை ஜெர்மன் பாறையேற்ற வீரர் வோல்ஃப்காங் குல்லிஷ் 1988இல் நியூரம்பெர்கில் அமைத்தார்; 1991இல் உலகின் முதல் 9ஏ ரூட்டான ஆக்‌ஷன் டிரெக்டை அவர் ஏறியது அந்தப் பயிற்சியின் வலுவால்தான். அவர் இடைவெளி இல்லாமல் பல ஆண்டு கட்டியெழுப்பிய விரல்களோடு அதில் ஏறினார். நமக்கு அது அடுத்த ஆண்டுப் பேச்சு.

கயிற்றைத் தாமே மேலே கொண்டுபோய் ஆங்காங்கே மாட்டிக்கொண்டு லீட் ஏறுவதில் வலிமையைக் காட்டிலும் தலைதான் பின்தங்கியிருக்கும். விழும் பயத்தில் ஒவ்வொரு பிடியையும் தேவைக்கு இருமடங்கு இறுக்கினால் எவ்வளவு பயிற்சியும் பம்பைத் தடுக்காது. நன்றாகச் சோதித்த சுவரில், தரைக்கு வெகு மேலே, நம்பகமான பிலேயரோடு, கயிற்றை மாட்டிய குவிக்டிரா (கொக்கி இணை) இடுப்புக்கு நேராக இருக்கும்போது முதலில் சொல்லிவிட்டுக் கையை விடுங்கள். அடுத்த முறை அது முழங்காலுக்கு நேராக, அதன் பிறகு கால்விரலுக்கு நேராக. ஒரு நாளைக்கு ஐந்து விழுதல் போதும். பிலேயரும் உங்களைப்போல் இடைவெளிவிட்டு வந்தவர் என்றால், இந்தப் பயிற்சி உங்களைவிட அவருக்கே அதிகம் தேவை. கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பிடித்து ஏறுபவரைச் சுவரில் மோதவிடும் பழக்கம் இப்போதுதான் தலைகாட்டும்.

வெளிப்பாறைக்கு முதல் நாள்

பெங்களூரைச் சுற்றியுள்ளவர்களுக்கு முதல் பயணத்துக்கு ராமநகரமோ சாவனதுர்காவோ தோன்றும், இரண்டும் கிரானைட். சாவனதுர்காவின் நீண்ட சரிவுப்பாறை, காலையும் சமநிலையையும் நம்பி ஏறுவது என்பதால் விரலுக்கு இதமானது. ஆனால் அங்கே பாறையில் பதித்த போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஆகவே லீடைப் பயிற்சியை நிறுத்தாத நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறுங்கள். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம்; எந்தப் பாறையில் ஏறலாம் என்பதை வனத்துறையிடமும் உள்ளூர் ஏறுவோரிடமும் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டிடத்திலும் பாறைத்தேனீக் கூடுகள் உண்டு. கீழிருந்து அடைகளைத் தேடிப் பார்த்து, அவை தெரியும் வழியை விட்டு விலகுங்கள். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் ஆகாது. வடகர்நாடகத்தில் உள்ள பாதாமியின் சிவந்த மணற்கல் பாறைகளில் போல்ட் போட்ட ரூட்டுகள் நிறைய இருந்தாலும், சாய்வும் விளிம்பும் அங்கே சேர்ந்தே வருகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்காலத்துக்கும் உங்கள் பதினாறாம் வாரத்துக்கும் பொருத்தம் பார்த்துத் திட்டமிடுங்கள். மழை பெய்த மணற்கல் காயும் முன் ஏறினால் பிடிகள் உடையும்.

வெளியே, உள்ளரங்கக் கிரேடிலிருந்து இரண்டு படி கழித்துத் தொடங்குங்கள். வெயில் ஏறும் முன், ஏழு மணிக்கே முதல் ரூட். நான்கு ரூட் ஆனதும் கயிற்றைச் சுருட்டிவிடுங்கள். மறுநாள் காலை, டம்ளரைத் தொடும் முன், எட்டு விரலின் அடிக்கணுவையும் அழுத்திப் பார்த்து, நோட்டில் எழுதுங்கள்.